லிஃப்டுக்கு முன்னால் மூன்று படி

போன வாரம் இளம் பொறியாளர் ஒருவர் தாம்பரம் பக்கம் கட்டப்போகும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார். கீழே தூண்களுக்கு நடுவே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே நான்கு மாடி, ஆறு பேர் லிஃப்ட். லிஃப்ட் வாசலுக்கு முன்னால் மூன்று படி வரைந்திருந்தார். 2008இல் நான் வரைந்த அதே மூன்று படி. லிஃப்ட் விஷயத்தில் நாங்கள் செய்யும் தவறுகளைப் பற்றி அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். லைசென்ஸ் வாங்குங்கள், பராமரிப்பு ஒப்பந்தம் போடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் போகவில்லை.

படியேறிப் போய் லிஃப்டைப் பிடிப்பது

இந்தப் படிகள் வருவதற்குக் காரணம் மழைத்தண்ணீர் பயம். லிஃப்ட் பிட், அதாவது லிஃப்ட் கூண்டுக்கு அடியில் இருக்கும் குழி, தரைக்குக் கீழே கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் இறங்கும். கூண்டு கீழே மோதினால் தாங்கும் பஃபர், வேகம் மீறினால் கூண்டை நிறுத்தவைக்கும் கவர்னரின் கயிற்றை இழுத்துப் பிடிக்கும் புல்லி, சுவிட்ச் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. தண்ணீர் புகுந்தால் செலவு பெரிது. அதனால் லிஃப்ட் வாசலை ஒன்றரை அடி தூக்கிவிடுவோம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, கட்டட உரிமையாளருக்கும் அது பிடித்திருந்தது.

இரண்டு வருடம் கழித்து மொட்டை மாடிக் கசிவு பார்க்க, நான் வரைந்த அந்தக் கட்டடத்துக்குப் போயிருந்தேன். இரண்டாம் மாடி அம்மா இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய நாள். ஆம்புலன்ஸ் ஸ்டில்ட் வரை வந்துவிட்டது. அப்புறம் மகனும் வாட்ச்மேனும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். இரண்டாவது படியின் விளிம்பில் நாற்காலியின் பின்கால் தட்டியது. அம்மா மகனின் சட்டைக் காலரை இறுகப் பிடித்துக்கொண்டு "மெதுவாப்பா, மெதுவாப்பா" என்றார். லிஃப்ட் கதவை மூடவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

மறுநாளே சாய்தளம் கட்டித் தருகிறேன் என்றேன். கணக்கு இடம் கொடுக்கவில்லை. ஒன்றுக்குப் பன்னிரண்டு சாய்வு என்றால், 450 மி.மீ. உயரத்துக்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். மேலேயும் கீழேயும் நாற்காலி திரும்புவதற்கு ஒன்றரை மீட்டர் சமதளம். ஆக எட்டு மீட்டருக்கு மேல். அவ்வளவு இடம் இருந்தது ஒரு கார் பார்க்கிங்கில் மட்டும்தான், அதுவும் விற்றாகிவிட்டது. கடைசியில் யாரோ ஒன்றரை மீட்டர் நீளத்தில் சிமெண்ட் சரிவு ஒன்றைப் போட்டார்கள். அதில் ஆளோடு நாற்காலியைத் தள்ளி ஏற்ற முடியாது. இறக்கினால் கை நழுவும்.

சரி, தண்ணீராவது உள்ளே போகாமல் இருந்ததா? 2015 டிசம்பரில் வெள்ளம் மூன்று படியையும் தாண்டி வந்து பிட்டை நிரப்பியது.

தண்ணீரைப் பிட்டிலேயே சமாளிக்க வேண்டும். செங்கல் சுவர் வேண்டாம். பிட் சுவரும் அடித்தளமும் கான்கிரீட்டாக, நீர்க்கசிவுத் தடுப்போடு வரட்டும். மூலையில் சிறு குழி விட்டு அதில் பம்ப் வையுங்கள். பிட்டில் தண்ணீர் வந்ததும் கூண்டை மேல்மாடிக்கு அனுப்பி நிறுத்தும் சென்சார் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். பார்க்கிங் தரை லிஃப்ட் வாசலிலிருந்து வெளிப்பக்கம் மெல்லச் சரியட்டும். வாசலுக்கு முன் கம்பி மூடி போட்ட வடிகால் வேண்டும், சக்கரம் சிக்காத அளவு நெருக்கமான கம்பியாக. இத்தனையும் வரைபடத்திலேயே இருந்தால், பின்னால் இடிப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட இது ஒன்றுமே இல்லை.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, தடையற்ற அணுகலுக்கான விதிகளைப் பின்பற்றாத திட்டத்துக்குக் கட்டட அனுமதியே கூடாது என்கிறது. ஆனால் அனுமதி வரைபடத்தில் சாய்தளத்தைக் காட்டிவிட்டு, கட்டும்போது படியாக்கிவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஆறு பேர் லிஃப்ட் போதும் என்று நினைப்பது

இந்தியத் தரப்படி ஆறு பேர் லிஃப்ட் என்றால் 408 கிலோ. உள்ளே 1100 மி.மீ. அகலம், 1000 மி.மீ. ஆழம், கதவு 700. சக்கர நாற்காலியின் நீளமே ஒரு மீட்டரைத் தாண்டும். ஆள் உட்கார்ந்தால் பாதம் இன்னும் முன்னால் நீளும். கதவு மூடாது. விதிகள் சக்கர நாற்காலிக்குக் கேட்பது 13 பேர் லிஃப்ட்: 2000க்கு 1100 மி.மீ. கூண்டு, 900 மி.மீ. கதவு. விதி கட்டாயப்படுத்தாத சின்னக் கட்டடமாக இருந்தாலும் 1100 அகலம், 1400 ஆழம், 900 கதவு கேளுங்கள். நாற்காலியும் கூட ஒருவரும் போகலாம். ஷாஃப்ட், அதாவது கூண்டு ஏறி இறங்கும் கூடு, அதன் சுவர் எழும்புவதற்கு முன்பே லிஃப்டின் அளவு முடிவாகியிருக்க வேண்டும்.

கதவைச் சீக்கிரம் மூடவைப்பது

குறைந்தது 5 வினாடி திறந்திருக்க வேண்டும். மூடும் வேகம் வினாடிக்கு கால் மீட்டருக்கு மேல் போகக் கூடாது.

பட்டன் பலகை

ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கை நீட்டிப் பாருங்கள். மேல்மாடிப் பட்டன் எட்டவில்லையென்றால் இறக்குங்கள்.

அவசரச் சாவியை ஆணியில் மாட்டிவைப்பது

மாடிக் கதவை வெளியிலிருந்து திறக்கும் சாவி வாட்ச்மேன் அறையில் தொங்குவதை எத்தனையோ இடங்களில் பார்த்துவிட்டேன். அந்தச் சாவி, கூண்டு அங்கே இல்லாதபோதும் கதவைத் திறக்கும். பதற்றத்தில் ஓடிவருபவர் திறந்ததும் காலை வைத்தால் நேரே பிட்டுக்குள். இரண்டு மாடிக்கு நடுவில் நின்ற கூண்டிலிருந்து ஆட்களைக் குதிக்கச் சொல்வதும் இதே ஆபத்துதான். கூண்டுக்கு அடியில் ஷாஃப்ட் திறந்து கிடக்கும், குதிப்பவர் பின்னால் சாய்ந்தால் அதற்குள் விழுவார். பயிற்சி பெற்றவர் வரும்வரை உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டிருங்கள். மின்சாரம் போனால் கூண்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவு திறக்கும் ஏஆர்டி கருவிக்குப் பணம் ஒதுக்குங்கள், அதன் பேட்டரியை மாதம் ஒருமுறை சோதியுங்கள்.

தீப்பிடித்தால்

படிக்கட்டு.

நேற்று இரவு அந்தத் தம்பி திருத்திய வரைபடத்தை அனுப்பினார். படிகள் இல்லை. லிஃப்ட் வாசலும் பார்க்கிங் தரையும் ஒரே மட்டம், பிட்டில் பம்ப் குழியும் இருக்கிறது. கதவு அகலத்தை மட்டும் 700 என்றே விட்டிருக்கிறார். காலையில் போன் செய்து சொல்ல வேண்டும்.