மணல் போன கரையில் நெத்திலி உலர்த்தும் முறை

அம்மா காலத்தில் நெத்திலியைக் கரை மணலில் பரப்பினால் போதும். குமரி மாவட்டத்து நீரோடி கிராமத்துக்கு அருகே எங்கள் வீட்டு முன்னால் இருந்த அந்த மணலைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே தடுப்புக் கற்கள்தான். வெயிலையும் நம்ப முடியவில்லை, பாதி காயும்போதே மழை கொட்டுகிறது. மூன்று கூடை மீன் புழுத்துப்போன அன்றுதான் நானும் மைனியும் மீன் உலர்த்த, தரைக்கு மேலே நிற்கும் பரண் கட்டத் தொடங்கினோம்.

உயரம் 3 அடி, அகலம் 4 அடி. அதற்கு மேல் அகலம் வேண்டாம், நடுவில் கை எட்டாது. கமுகு வாரிகளால் சட்டம் கட்டி, கண் சிறிய பழைய வலையை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்தால் மீன் நடுவில் குவிந்து அழுகும். தார்ப்பாய் போட மேலே ஒரு கம்பு வையுங்கள்.

ஆணி மட்டும் அடிக்காதீர்கள், எல்லாம் கயிற்றுக் கட்டாக இருக்கட்டும். நாங்கள் ஆணி அடித்துச் செய்த முதல் பரணைக் கள்ளக்கடல், அதாவது சொல்லாமல் ஏறிவரும் பேரலை, இழுத்துப்போனது. காற்றில்லை, மேகமில்லை, நல்ல சித்திரை வெயில். தெற்கே வெகுதொலைவில் அடிக்கும் புயலின் அலை சில நாள் கழித்து இங்கே ஏறுகிறது; வானத்தைப் பார்த்தால் தெரியாது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் எச்சரிக்கை வந்ததும் பரணை அவிழ்த்து மேட்டுக்குக் கொண்டுபோங்கள். இரண்டு பெண்கள் தூக்கும் எடைதான் இருக்க வேண்டும். 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் ஊர் ஆண்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் யாரை எதிர்பார்ப்பது?

மீனை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, நீர் வடிந்ததும் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். ஈ முட்டையிடாதபடி கொசுவலை மூடுங்கள். நடுவே புரட்டிவிடுங்கள். வளைத்தால் ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. காய்ந்த சூட்டோடு சாக்கில் கட்டினால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும், நிழலில் ஆறவிடுங்கள்.

மழை விடாது என்று தெரிந்தால் தயங்காமல் உப்பில் போடுங்கள்: 4 கிலோ மீனுக்கு 1 கிலோ கல்லுப்பு. உப்பு நெத்திலிக்கு விலை குறைவுதான், ஆனால் குழியில் கொட்டும் மீனுக்கு விலையே இல்லை. வெயில் வந்ததும் அதையே பரணில் ஏற்றலாம்.

நன்றாகக் காய்ந்ததில் ஒரு சாக்கை விற்காமல் வையுங்கள். எங்கள் மேற்குக் கரையின் ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் பச்சை மீன் வரத்து குறையும்போது, கருவாடு கேட்டு வீட்டு வாசலுக்கே வருவார்கள்.