அக்ரூவல் என்றால் என்ன? கணக்கு முடிக்கும் முன் ஒரு குறிப்பு

மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். மார்ச் 31 இரவு பேரேட்டை மூடும்போது பலர் விட்டுவிடுவது மின் கட்டணத்தை. நம் ஊரில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரைக்கும் 6,000 ரூபாய் பில் வந்தால், அதில் சுமார் 4,500 மார்ச் முடிவதற்குள் எரித்த கரண்டுக்கு. பில் கைக்கு வராவிட்டாலும் அது இந்த வருடச் செலவுதான். இப்படிப் பணம் கைமாறும் நாளைப் பார்க்காமல், செலவோ வருமானமோ உண்டான காலத்திலேயே கணக்கில் எழுதுவதுதான் அக்ரூவல் முறை. கொடுபட வேண்டிய செலவு என்று எழுதிவிடுங்கள், இல்லையென்றால் லாபம் பொய்யாகக் கூடித் தெரியும்.

வட்டியும் இப்படித்தான். 7 சதவீதத்தில் ஒரு லட்சம் டெபாசிட் போட்டால் தினம் 19 ரூபாய் சத்தமில்லாமல் சேர்கிறது. பணம் வங்கியில் வரவாகாவிட்டாலும் அதைக் 'கூடியுள்ள வட்டி' என்று நம் பாடப்புத்தகம் சொல்லும்.

அக்ரூவல் என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனின் 'அக்ரெஸ்கெரே'யிலிருந்து வந்தது. 'மேலும் வளர்தல்' என்று பொருள். பிறையைக் குறிக்கும் 'கிரெசென்ட்', கூடுவதைச் சொல்லும் 'இன்கிரீஸ்' இரண்டும் அதே வேர்தான். வளர்பிறை போல நாளுக்கு நாள் கூடுவது! எனக்கு இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தச் சொல் மனதில் நின்றது.

கம்பெனியாகப் பதிந்தவர்களுக்கு 2013 கம்பெனிச் சட்டப்படி இந்த அக்ரூவல் முறை கட்டாயம். ஏப்ரலில் வரும் முதல் பில்களைத் தனியாக ஒரு கிளிப்பில் போட்டு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று பாருங்கள்.