சைவ ஹோட்டலில் வீகனாகச் சாப்பிடுவது எப்படி? வெளியூர் கிளம்புகிறவர்களுக்கு

தமிழ்நாட்டுக்குள் சுற்றுகிற வீகன்களுக்கு, அதாவது இறைச்சி, முட்டையோடு பால், நெய், தேன் என்று விலங்கிலிருந்து வரும் எதையுமே சாப்பிடாதவர்களுக்கு, அசைவக் கடையால் தொல்லை கிடையாது. அங்கே நாம் நுழையப்போவதே இல்லை. தொல்லையெல்லாம் ‘உயர்தர சைவ உணவகம்’ என்று பலகை மாட்டிய இடத்தில்தான். பாலில் என்ன தப்பு, நெய்யில் என்ன தப்பு என்கிற விவாதத்துக்கெல்லாம் இந்தப் பதிவில் இடமில்லை. முடிவெடுத்துவிட்டீர்கள், நாளைக்குக் கும்பகோணத்துக்கோ மதுரைக்கோ பஸ் ஏறுகிறீர்கள், காலையில் டேபிளில் உட்கார்ந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் பார்ப்போம்.

படி 1: நெய் எங்கே விழுகிறது?

மெனுவை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஹோட்டலில் பால் சமாச்சாரம் உள்ளே வருகிற இடம் மூன்றுதான்: அண்டா, கல், பரிமாறுகிறவர் கை.

அண்டா என்றால் விடியற்காலையில் மொத்தமாகச் சமைத்து வைப்பது. வெண்பொங்கல், கேசரி, பாயசம், சாம்பார் சாதம் எல்லாம் இதில் சேரும். அதில் விழுந்த நெய்யை யாராலும் எடுக்க முடியாது. “நெய் இல்லாம ஒரு பொங்கல்” என்று கேட்டால் “நெய் இல்லாம பொங்கலா சார்?” என்று சிரிப்பார்கள். நியாயம்தானே.

கல் உங்களுக்குச் சாதகமான இடம். தோசையும் ஊத்தப்பமும் நீங்கள் சொன்ன பிறகுதான் ஊற்றப்படுகின்றன. சொல்வது மாஸ்டர் காதுவரை போய்ச் சேர்ந்தால் போதும். அதே கல்லில் சற்று முன் யாருக்கோ நெய் ரோஸ்ட் போட்டிருப்பார்களே என்று கேட்பவர்கள் உண்டு. நான் அதைப் பார்ப்பதில்லை. அந்த அளவுக்குப் போனால் வீட்டை விட்டே கிளம்ப முடியாது.

மூன்றாவது, பரிமாறுகிற கை. மினி இட்லி மேல் ஒரு கரண்டி நெய், பருப்புப்பொடி மேல் நெய், கடைசியில் தயிர். கையை நீட்டித் தடுத்தால் முடிந்தது.

படி 2: கேட்கும் விதம்

எல்லோரும் தடுக்கி விழுகிற படி இதுதான். கொஞ்சம் நின்றே பார்ப்போம்.

“நான் வீகன்” என்றால் பெரிய ஊர் ஹோட்டல்களில் சிலருக்குப் புரியும். மற்ற இடங்களில் “சைவம்தான் சார், தைரியமா சாப்பிடுங்க” என்பார்கள். “விரதம்” என்றால் இன்னும் மோசம். பாலும் பழமும் விரதக்காரர் சாப்பாடு என்பதால் அக்கறையோடு ஒரு டம்ளர் பாலையே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். “பால் ஒத்துக்காது” என்றால், “அப்ப தயிர் தரட்டுமா?” “சுகர், கொலஸ்ட்ரால்” என்று இழுத்தால் “நெய் கொஞ்சமாத்தான் சார் போட்டிருக்கோம்” என்று ஆறுதல்.

“நெய் போடுவீங்களா?” என்று கேட்பதிலும் ஒரு சிக்கல். நீங்கள் தரத்தைச் சோதிக்கிறீர்கள் என்று நினைத்து, “சுத்தமான பசு நெய் சார்!” என்று பெருமையாகச் சொல்வார்கள். அதே கேள்விக்கு இன்னொரு கடையில் “நெய்க்கு எங்க சார் போறது, டால்டாதான்” என்று தலையைச் சொறிவார்கள். உடம்புக்கு நல்லதோ கெட்டதோ, டால்டா தாவரக் கொழுப்பு. நமக்கு அது நல்ல செய்திதான்.

சரி, எப்படிக் கேட்பது? வேண்டாததைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், அதுவும் ஆர்டர் கொடுக்கும் முன்னாலேயே. “அண்ணே, பால், தயிர், மோர், நெய், வெண்ணெய் எதுவும் சேராம சாப்பிடணும். சாதா தோசை, எண்ணெய் மட்டும் விட்டு. மாஸ்டர்கிட்ட சொல்லிருங்க.” ஐந்தையும் சொல்ல வேண்டும். மோரை விட்டுவிட்டால் ரவா தோசை வந்து நிற்கும், பல கடைகளில் அந்த மாவில் புளித்த மோர் உண்டு. காரணம் கேட்டால் “ஒத்துக்காது” என்ற ஒரு சொல் போதும். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். கூட்டம் நெரிகிற காலை எட்டரை மணிக்குக் கொள்கை விளக்கம் வேண்டாம், பின்னால் நாலு பேர் இடத்துக்குக் காத்திருப்பார்கள்.

படி 3: டிபன்

கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவை: இட்லி, மெதுவடை, சாதா தோசை, வெங்காய ஊத்தப்பம். கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் போனால் இட்லிக்குக் கடப்பா கேளுங்கள். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, அரைத்த தேங்காய் என்று முழுக்க நம் கட்சி. சாம்பாரையே மறந்துவிடுவீர்கள்.

கேட்டுச் சாப்பிட வேண்டியவை: குருமாவில் தயிரோ கிரீமோ இருக்கலாம். சப்பாத்தி மாவைப் பால் விட்டுப் பிசைகிற இடமும் உண்டு. பரோட்டா மாவில் பாலும் முட்டையும் சேர்க்கிற கடைகள் ஏராளம், அதை விட்டுவிடுவதே நல்லது. ஆப்பத்துக்கு வரும் தேங்காய்ப்பாலில் சில இடங்களில் பசும்பாலைக் கலந்துவிடுகிறார்கள், அதையும் கேளுங்கள்.

படி 4: மதியச் சாப்பாடு

இலை போட்டதும் சொல்லிவிடுங்கள், பாதியில் சொன்னால் குழப்பம். சாம்பார், வத்தக்குழம்பு, பொரியல், அப்பளம் பெரும்பாலும் சரியாக இருக்கும். அவியலும் மோர்க்குழம்பும் வேண்டாம். ரசத்தை மட்டும் கேளுங்கள், நெய்யில் தாளிக்கிற கடைகள் இருக்கின்றன. கூட்டிலும் சில இடங்களில் பால் விடுவார்கள். தயிருக்குப் பதில் இன்னொரு கரண்டி வத்தக்குழம்பு கேட்டால் மறுக்கிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

படி 5: காபி

இங்கேதான் பலர் வீகனைக் கைவிடுகிறார்கள். சின்ன ஓட் பால் பாக்கெட் ஒன்று பையில் இருக்கட்டும். சோயா வேண்டாம் என்பது என் கட்சி. சூடான, கெட்டியான டிகாஷனில் பட்டதும் அது திரிந்துவிடும். சோயாதான் கிடைக்கிறது என்றால் பாலை முதலில் சூடாக்கிக்கொண்டு டிகாஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஊற்றுங்கள். கடைக்காரரிடம் “டிகாஷன் மட்டும், சர்க்கரை தனியா” என்றால் தருவார்.

பாக்கெட் தூக்க முடியாதவர்களுக்குச் சுக்குக் காபி இருக்கிறது, கருப்பட்டி போட்ட கடுங்காபி இருக்கிறது. மதுரையில் இருந்தால் தெருவோரத்தில் பருத்திப்பால் தேடுங்கள். பருத்திக் கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, வெல்லமும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சி, தேங்காய்த் துருவல் தூவித் தருவார்கள். ஜிகர்தண்டா குடிக்க முடியவில்லையே என்ற ஏக்கம் அதோடு போய்விடும்.

படி 6: வாங்கி வருவது

பாக்கெட்டில் சைவம் என்று காட்டுகிற பச்சைப்புள்ளியை நம்பாதீர்கள். பாலும் தேனும் அதற்குள் அடக்கம். 2022-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீகன் உணவுக்கென்று தனி விதிமுறையும், பச்சை நிறத்தில் ‘வி’ எழுத்து முத்திரையும் கொண்டுவந்தது. சின்ன ஊர்க் கடைகளில் அந்த முத்திரையை எதிர்பார்க்க முடியாது. பாக்கெட்டைத் திருப்பி, சேர்மானப் பட்டியலுக்குக் கீழே ஒவ்வாமைக்காகப் போட்டிருக்கும் ‘கன்டெய்ன்ஸ்’ வரியைப் பாருங்கள். ‘மில்க்’ என்று இருந்தால் திரும்ப வைத்துவிடலாம்.

ஊர்ப் பண்டங்களில் கோவில்பட்டி கடலைமிட்டாய் நமக்கு: வேர்க்கடலையும் வெல்லப்பாகும்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பெயரிலேயே சொல்லிவிடுகிறது. பழனி பஞ்சாமிர்தத்தில் நெய்யும் தேனும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. திருநெல்வேலி அல்வா நெய்யில் மிதப்பது. கொடைக்கானல் ‘ஹோம்மேட்’ சாக்லேட்டில் டார்க் என்று கேட்டு வாங்கினாலும் பால் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். அப்படியே ஏரியைச் சுற்றக் குதிரையை விட்டுவிட்டு வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீகன் சாப்பாடு கிடைக்கிற கடைகளைத் தேடித் தரும் செயலிகளில் ‘ஹேப்பிகவ்’ நல்லதுதான். சென்னை, பாண்டிச்சேரி, ஆரோவில் வரை கைகொடுக்கும். அதைத் தாண்டினால் கூகுள் மேப்பில் ஆட்கள் போட்டிருக்கும் சாப்பாட்டுப் படங்களையும் மெனு படங்களையும் பார்ப்பதுதான் உத்தமம். இரவு பஸ்ஸுக்கு எந்தச் செயலியும் உதவாது. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, இல்லையென்றால் புளியோதரை, கட்டி எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தது

விமானச் சாப்பாடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். முன்பதிவில் ‘வெஜ்’ என்று பொதுவாகப் போடாதீர்கள். சாப்பாட்டு வகைக்கென்று விமான நிறுவனங்கள் வைத்திருக்கும் குறியீடுகளில் ஏ.வி.எம்.எல். (AVML) என்பது நம்மூர்ச் சைவம், பனீரும் தயிரும் வரும். வி.ஜி.எம்.எல். (VGML) என்பதுதான் வீகன். பொதுவாக ஒரு நாள் முன்னதாகவாவது சொல்ல வேண்டும், சில நிறுவனங்கள் இரண்டு நாள் கேட்கும். வெண்ணெய்ப் பொட்டலம் தட்டில் வந்தாலும் வரலாம், ஓரமாக வைத்துவிடுங்கள்.

யாழ்ப்பாணம் போகிற ஒருவர் தேங்காய்ப்பால் சமையல்தானே, கவலையில்லையே என்று எழுதியிருந்தார். பாதி சரி. சொதி, பாற்சோறு எல்லாம் தேங்காய்ப்பால்தான். ஆனால் இலங்கையில் பல கடைகளில் சம்பலில் மாசி போடுவார்கள், அது காய்ந்த மீன். துருவலோடு இடிபட்டுவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. பருப்பிலும் சேர்க்கிறவர்கள் உண்டு. ஆகவே அங்கே சைவக் கடையாகப் பார்த்துப் போங்கள். மற்ற கடையென்றால் “அண்ணை, சம்பலுக்கு மாசி போட்டனீங்களோ?” என்று முதலில் கேளுங்கள். சைவக் கடையிலும் நெய், தயிர் கேள்விகள் அப்படியேதான். தேநீருக்கு மட்டும் விளக்கமே வேண்டாம். “பிளேன்டீ” என்றால் பாலில்லாமல் வந்துவிடும்.