கறள் பிடித்த தாச்சியைத் திரும்பவும் அடுப்பில் ஏற்றுவது எப்படி?

வன்னியில் எந்த வீட்டுக்குப் போனாலும் பழைய சாமான் என்று அதிகம் இருக்காது. 2008, 2009 இல் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது கையில் கொண்டு போகக்கூடியதை மட்டும்தான் கொண்டு போனோம், மற்றதெல்லாம் கிணற்றுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் போய்விட்டது. பிறகு மீள்குடியேறி வந்து வளவைத் துப்புரவாக்கும்போது ஒரு இரும்புத் தாச்சியோ தேங்காய் திருவுகிற ஒரு திருவலையோ அகப்பட்டவர்கள் அதைக் கழுவிக் கொட்டில் மூலையில் வைத்தார்கள், பல வீடுகளில் அது இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. பழைய இரும்பு வாங்குகிறவர் வாகனத்தில் கூவிக்கொண்டு வரும்போது அதைக் கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, அதே கிழமை சந்தையில் ஒரு மெல்லிய நான்ஸ்டிக் சட்டி வாங்குகிறோம். எனக்கு இது மனம் பொறுக்காத காரியம். தினமும் புழங்குகிற இரும்பில் கறள் நிற்காது, மூலையில் வைத்தால்தான் ஏறும். அதனால் இங்கே சொல்வது எதுவும் ஷோகேசில் அடுக்கி வைப்பதற்கு இல்லை, நாளைக்கே சமைப்பதற்கு.

முதலில் ஒரு எச்சரிக்கை

காணியில் மண்ணுக்குள் இரும்பு விளிம்பு ஏதாவது தெரிந்தால் தாச்சியாக்கும் என்று நினைத்து இழுக்காதீர்கள், மண்வெட்டியால் தட்டியும் பார்க்காதீர்கள். போர் முடிந்து 15 வருடம் கடந்தும் முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் வெடிபொருள் அகப்படுகிறது. தெரியாத பொருள் என்றால் தள்ளி நின்று இடத்தை அடையாளம் வைத்துவிட்டு, பொலிசுக்கோ கிராம சேவையாளருக்கோ சொல்லுங்கள். ஷெல் கோது, குண்டுப் பெட்டி போன்றவற்றை வீட்டுச் சாமானாக்கும் எண்ணமே வேண்டாம்.

எது தேறும், எது தேறாது

தாச்சியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஒரு கரண்டிக் காம்பால் மெதுவாகத் தட்டுங்கள். கணீரென்று நீளமாகக் கேட்டால் நல்லது, டொக்கென்று அடங்கினால் எங்கோ வெடிப்பு இருக்கும், அதை நெருப்பில் வைத்தால் இன்னும் பிளக்கும். காந்தம் ஒட்டவில்லை என்றால் அது அலுமினியமாகவோ பித்தளையாகவோ இருக்கலாம், இந்த முறை அதற்குச் சரிவராது.

நாங்கள் வயல் செய்கிற ஆட்கள் என்பதால் இன்னொன்றும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்தச் சட்டியில் யாராவது கிருமிநாசினி கலக்கினார்களா, பற்றரி அசிட் ஊற்றினார்களா, எஞ்சின் ஒயில் வடித்தார்களா? ஆம் என்றாலோ சந்தேகம் என்றாலோ அதில் சமைக்கக் கூடாது. பூமரம் வைக்கலாம்.

கறளை எடுப்பது

தேவையான சாமான்: தேங்காய்ப் பொச்சு, கொஞ்சம் ஆற்று மணல், பாத்திரம் தேய்க்கிற கம்பிப் பஞ்சு, ஒரு போத்தல் வினாகிரி, அப்பச்சோடா, சவர்க்காரம், பழந்துணி, நல்லெண்ணெய். எல்லாம் ஊரிலேயே கிடைக்கும்.

வேலையை வெளியே, மரத்தடியில் வைத்துக்கொள்ளுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, தண்ணீர் படாமல் காய்ந்தபடியே பொச்சும் மணலும் போட்டு அரக்குங்கள். பாளம் பாளமாக நிற்கிற கறள் இதிலேயே முக்கால்வாசி உதிர்ந்துவிடும், தொடக்கத்திலேயே வினாகிரியை ஊற்றினால் அது மேல் கறளைத் தின்று முடிக்கவே வீணாகும்.

மிச்சத்துக்குத்தான் வினாகிரி. அதே அளவு தண்ணீர் கலந்து ஊற்றி வையுங்கள். பெரிய தாச்சி என்றால் போத்தல் கணக்கில் தேவைப்படும், அதற்குப் பதிலாகத் துணியை நனைத்து உள்ளே ஒட்டிப் பரப்பி விடலாம். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். இரவு முழுக்க ஊறட்டும் என்று விட்டுவிட்டுப் படுக்கப் போகாதீர்கள், கறள் தீர்ந்ததும் அசிட் நல்ல இரும்பைத் தின்னத் தொடங்கிவிடும். வினாகிரி இல்லையென்றால் பழப்புளியைத் தடிப்பாகக் கரைத்துப் பூசலாம், வேலை செய்யும், ஆனால் நேரம் கூட எடுக்கும்.

சாம்பல் நிறத்தில் வெறும் இரும்பு தெரிந்தவுடன் அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறை, சவர்க்காரத்தால் ஒருமுறை கழுவுங்கள். இனித்தான் அவசரம். கழுவி வைத்துவிட்டு ஒரு பேச்சுப் பேசி முடிப்பதற்குள் அந்தச் சாம்பல் நிறத்தின் மேல் செம்மஞ்சளாக ஒரு படலம் ஏறிவிடும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறும். அதனால் தாச்சியைக் கழுவும் முன்பே அடுப்பை மூட்டி வைத்திருங்கள். துணியால் ஒற்றி எடுத்து நேரே நெருப்பில் வையுங்கள்.

எண்ணெய் ஏற்றுவது

எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான், இதைச் சரியாகச் செய்யாவிட்டால் தேய்த்ததெல்லாம் வீண்.

எங்கள் ஆட்கள் கை நீட்டினால் முதலில் எடுப்பது தேங்காய் எண்ணெய்ப் போத்தல். இதற்கு அது வேண்டாம். எண்ணெய் சூட்டில் காற்றோடு சேர்ந்து இறுகி இரும்போடு ஒட்டிய ஒரு தோலாக மாற வேண்டும், தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அது அப்படி நன்றாக இறுகாது. நல்லெண்ணெய் இறுகும். எள்ளு விளைகிற மண்ணில் இருந்துகொண்டு இதற்கு வேறு எண்ணெய் தேட வேண்டியதில்லை.

தாச்சி தொட முடியாத சூடானதும் இறக்கி, தடித்த துணியில் சில துளி எண்ணெய் விட்டு உள்ளே, வெளியே, காது இரண்டிலும் பூசுங்கள். பிறகு வேறொரு காய்ந்த துணியால், பூசியதை முழுக்கத் துடைத்து எடுப்பது மாதிரியே துடையுங்கள். பயப்பட வேண்டாம், தேவையான அளவு தானாகவே ஒட்டியிருக்கும். திரும்பவும் அடுப்பில் வைத்து, புகை கிளம்பி அது அடங்கும் வரை விடுங்கள். சிரட்டைக் கரித் தணல் இதற்கு மிக நல்லது, சூடு ஒரே சீராக நிற்கும். ஆறவிட்டு, இதையே மூன்று நான்கு தரம் செய்யுங்கள். முதல் தரம் மண்ணிறமாக இருக்கும், போகப் போகக் கறுத்து ஒரு மினுக்கம் வரும். கையில் பிசுபிசுத்தால் எண்ணெய் கூடிவிட்டது என்று அர்த்தம், இன்னொரு தரம் வெறுமனே சூடாக்கினால் சரியாகிவிடும். சூட்டோடு சூடாகப் பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வார்ப்பிரும்பு என்றால் வெடித்துவிடும்.

சமைக்கத் தொடங்குங்கள்

முதல் சில வாரம் மோர்மிளகாய் பொரியுங்கள், கச்சான் வறுங்கள், மா வறுங்கள். கொழுப்பும் சூடும் படப்படத் தோல் தடிக்கும். பழப்புளி விட்ட மீன்குழம்பு, தேசிக்காய் பிழிகிற கறி எதையும் அதுவரை அதில் வைக்காதீர்கள், புளிப்பு அந்தத் தோலைக் கரைத்துவிடும். எந்தக் கறியையும் இரவு முழுக்க அதில் விட்டு வைக்கவும் வேண்டாம், கறுத்துப்போய் இரும்பு வாடை அடிக்கும். கழுவ வெந்நீரும் பொச்சும் போதும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் சுண்ணாம்புத் தண்ணீர், தானாகக் காயவிட்டால் வெள்ளைத் திட்டுப் படியும், ஆகவே துணியால் துடைத்து அடுப்புச் சூட்டில் ஒரு நிமிடம் காட்டி எடுங்கள்.

திருவலைக்கு

பலகையில் கறையான் தின்ற இடத்தை ஆணியால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று இறங்கினால் பலகையைத் தச்சரிடம் கொடுத்து முதிரையிலோ வேம்பிலோ மாற்றுங்கள், அலகு பழையதாகவே இருக்கட்டும். கழுவிய பலகையை நிழலில் காயவிடுங்கள், வெயிலில் வைத்தால் வெடிக்கும். அலகின் கறளை மேலே சொன்ன மாதிரியே எடுத்துவிட்டு, சிறிய முக்கோண அரத்தால் பல் இடுக்கு ஒவ்வொன்றையும் ஒரே பக்கமாக, ஒவ்வொன்றுக்கும் ஒரே எண்ணிக்கையில் அராவுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்தால் அரம்தான் மழுங்கும். கூர் வந்ததா என்று விரலால் பார்க்க வேண்டாம், ஒரு தேங்காய்ப் பாதியைத் திருவிப் பாருங்கள்: பூ மாதிரி விழுந்தால் சரி, துண்டு துண்டாகப் பிய்ந்தால் இன்னும் கொஞ்சம் அராவ வேண்டும்.

அரிக்கன் லாம்பு வைத்திருப்பவர்களுக்கு

லாம்பு பெரும்பாலும் டாங்கியின் அடியில்தான் ஓட்டையாகும், மண்ணெண்ணெயோடு சேர்ந்த தண்ணீர் அடியில் தங்கி அங்கிருந்தே கறள் பிடிக்கும். பழைய எண்ணெயை வடித்துவிட்டு, சிறு கல் ஒரு பிடி போட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். புது மண்ணெண்ணெய் கொஞ்சம் விட்டுப் பழைய பேப்பரின் மேல் ஒரு இரவு வையுங்கள், பேப்பரில் ஈரம் ஊறியிருந்தால் அந்த லாம்பைக் கொளுத்தாதீர்கள். ஒழுகவில்லை என்றால் புதுத் திரி போட்டு, நேராக வெட்டி இரண்டு மூலையையும் மட்டும் சிறிது நறுக்கிவிட்டு, எண்ணெய் ஏற அரை மணித்தியாலம் விட்டுப் பிறகு கொளுத்துங்கள். டாங்கியைக் கழுத்து வரை நிரப்பக் கூடாது. பெற்றோல் ஒரு துளிகூடக் கலக்கக் கூடாது. கதவு ஜன்னல் பூட்டிய அறைக்குள் எரியவிட்டுத் தூங்கவும் கூடாது. மாரியில் கரண்ட் போகும்போது தேடி எடுக்காமல், மாதம் ஒருமுறையாவது கொளுத்திச் சிமிலியைத் துடைத்து வையுங்கள், சிமிலி நன்றாக ஆறிய பிறகு.