எட்டு எண்ணிக்கைக்குள் குரலும் அசைவும்: புதிதாகத் தொடங்குவோருக்கு

நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவரிடம் ‘மனதில் தோன்றியதைச் செய்யுங்கள்’ என்று சொன்னால், அவர் இன்னும் ஒடுங்கிப்போவார். மனோதர்மத்துக்கு, அதாவது அந்தந்த நொடியில் சொந்தமாகக் கற்பனை செய்வதற்கு, முதலில் ஒரு வரம்பு வேண்டும். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை நாகசுரத்தில் தோடியை மணிக்கணக்கில் விரித்தபோதும், அந்த ராகத்தின் எல்லைக்குள் நின்றுதான் விரித்தார். நமக்கு ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையே போதும்.

வெறுங்காலுடன் நின்று, முழங்காலைச் சற்றே தளர்த்திக்கொள்ளுங்கள், பரதநாட்டியத்தில் போல முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டி தேவையில்லை. ‘தகதிமி தகஜொணு’ என்று வாய்விட்டுச் சொல்லி, ‘த’ வரும் இடத்தில் மட்டும் காலைத் தட்டுங்கள். அது பழகியதும் அதே எட்டை ‘தகிட தகிட தக’ என்று மூன்று, மூன்று, இரண்டாகப் பிரியுங்கள். இப்போது கால் 1, 4, 7 ஆகிய எண்ணிக்கைகளில் விழும். மூன்று தட்டு என்பதால், வலக்காலில் தொடங்கினால் அடுத்த ஆவர்த்தனம், அதாவது அடுத்த எட்டு எண்ணிக்கைச் சுற்று, தானாகவே இடக்காலில் தொடங்கும்; உடல் அசையத் தொடங்குவதை அந்த இடத்தில்தான் உணர்வீர்கள்.

பிறகு அந்தத் ‘தக’வை முதலிலோ நடுவிலோ கடைசியிலோ வையுங்கள். எங்கே வைப்பது என்பதை முன்கூட்டித் தீர்மானிக்காமல், சமம், அதாவது சுற்றின் முதல் எண்ணிக்கை, வரும் நொடியில் முடிவு செய்யுங்கள். தடுமாறினால் மன்னிப்புக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள், ஏனெனில் கூச்சம் வேர்விடுவது அந்த நிறுத்தத்தில்தான். வாயை மூடிக்கொண்டு எண்ணிக்கையை மட்டும் மனதில் ஓடவிட்டால், அதிகம் போனால் எட்டு எண்ணிக்கைக்குள் சமம் திரும்பி வரும், அங்கே சேர்ந்துகொள்ளலாம். பழக வருகிறவர்களிடம் நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான்.

அடுத்தது குரல். மேட்டூர் திறந்த சில நாளில் நம் ஊர்களில் எல்லோர் வாயிலும் வரும் ‘ஆத்துல தண்ணி வந்தாச்சு’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிரவலில் சொற்கள் தாளத்தில் தம் இடம் மாறாமல் நிற்க, இசை மட்டும் மாறுவதைப் போல, இந்த வாக்கியத்தையும் மாற்றாமல், வரப்பின் மறுமுனையில் நிற்பவருக்குக் கேட்கும்படி அடிவயிற்றிலிருந்து ஒருமுறையும், நம்ப முடியாத வியப்போடு ஒருமுறையும், தூங்கும் குழந்தை விழிக்காதபடி ஒருமுறையும் சொல்லுங்கள். கையை வலிந்து ஆட்ட வேண்டாம். குரல் தூரம் போகும்போது கை தானே எழும்.

ஒரு வாரம் கழித்து இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் தாளம் போட, நீங்கள் ஓர் ஆவர்த்தனம் காலால் சொல்லுங்கள், அடுத்ததைக் குரலால் சொல்லுங்கள். பிறகு தாளத்தை நீங்கள் வாங்கிக்கொண்டு அவரைத் தொடங்கச் சொல்லுங்கள்.