பழைய கதவைப் பார்த்துப் புதுக்கதவு செய்வது எப்படி?

பழைய கதவு உளுத்துப்போயிருந்தாலும் உடனே உடைத்துவிடாதீர்கள். வேலை முடியும்வரை அதுதான் உங்கள் வரைபடம்.

முதலில் அளவு. டேப்பை ஓரமாக வையுங்கள். கதவு உயரத்துக்கு ஒரு ரீப்பரை (மெல்லிய நீள மரச்சட்டம்) கதவோடு ஒட்டிப் பிடித்து, ஒவ்வொரு குறுக்குச் சட்டமும் தொடங்கும் இடம், முடியும் இடம் எல்லாவற்றையும் பென்சிலால் அதிலேயே குறியுங்கள். அகலத்துக்கு இன்னொரு ரீப்பர். மொத்த உயரம், அகலம் மட்டும் வாசல் நிலைச்சட்டத்தில் எடுக்க வேண்டும். பழைய கதவை எத்தனை முறை இழைத்தார்களோ!

அடுத்து மரம். நன்றாகக் காய்ந்த, வைரம் பாய்ந்த, முறுக்கில்லாத சட்டம் போதும்.

பக்கச் சட்டங்களை மேலும் கீழும் 40 மி.மீ. கூடுதலாக விட்டு அறுங்கள். இல்லாவிட்டால் குறுக்குச் சட்டம் செருகும் ஓரத்துத் துளையைச் செதுக்கும்போது சட்டத்தின் நுனி பிளந்துவிடும். துளையின் அகலம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு: 36 மி.மீ. சட்டத்துக்கு 12 மி.மீ. உளி. இரண்டு பக்கமிருந்தும் நடுவை நோக்கிக் கொத்துங்கள். துளை முடிந்த பிறகே, அதில் செருகும் நாக்கை (குறுக்குச் சட்டத்தின் மெலிந்த நுனி) அறுக்க வேண்டும். நாக்கைச் சீவிச் சரிசெய்யலாம், துளையைக் குறுக்க முடியாது. கையால் அழுத்தினால் பாதி இறங்கி, மீதி கொட்டாப்புளித் (மரச்சுத்தியல்) தட்டுக்கு இறங்கினால் பதம் சரி.

இனி மூட்டைப் பூட்டும் மர ஆணி. நாக்கைச் செருகாமல், பக்கச் சட்டத்தில் நாக்குத் துளைக்குக் குறுக்காக 8 மி.மீ. ஆணித்துளை போடுங்கள். அப்புறம் நாக்கைச் செருகி, அதே ஆணித்துளை வழியாகத் துரப்பண நுனியால் ஒரு புள்ளி வைத்துவிட்டு வெளியே எடுங்கள். நாக்கில் துளை போடுவது அந்தப் புள்ளியில் அல்ல. அதிலிருந்து 1 மி.மீ. நாக்கின் அடிப்பக்கம், அதாவது குறுக்குச் சட்டத்தை நோக்கி, தள்ளி. ஆணி இறங்க இறங்க மூட்டு தானே இறுகும். நான் முதல்முறை நுனிப்பக்கம் தள்ளிவிட்டேன். ஒவ்வொரு அடிக்கும் இடுக்கு விரிந்துகொண்டே போனது! ஆணியை அறுத்து எடுக்காமல், நேர் ரேகையுள்ள துண்டைப் பிளந்து சீவுங்கள், முனை கூராகட்டும்.

நடுப்பலகைக்குச் சட்டங்களின் உள்விளிம்பில் காடி (நீளப் பள்ளம்) எடுக்க வேண்டும். பலகையின் அகலத்தில் இரு பக்கமும் 2, 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். பசை கூடவே கூடாது: ஈரத்தில் உப்பி வறட்சியில் சுருங்கும் பலகையைக் கட்டிப்போட்டால் வெடித்துவிடும். பூட்டுவதற்கு முன்பே பலகைக்கு எண்ணெய் பூசுங்கள். பிறகு பூசினால், பலகை சுருங்கும்போது ஓரத்தில் வெளிறிய கோடு எட்டிப் பார்க்கும்.

ஒரு பக்கச் சட்டத்தில் குறுக்குச் சட்டங்களைச் செருகி, பலகைகளை இறக்கி, மறுபக்கச் சட்டத்தைப் பூட்டுங்கள். மூலைக்கு மூலை இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் ஆணிகளை அடியுங்கள். கூடுதலாக விட்ட நுனிகளைக் கதவு மாட்டும் அன்று அறுத்தால் போதும். அதுவரை மூலைகள் அடிபடாமல் அவை காக்கும்.