ஃப்ரம் என்று பெயர் வைக்காதீர்கள்

மதுரை தல்லாகுளத்தில் சாயங்கால நேரத்தில் பிள்ளைகளுக்குப் பைத்தான் என்ற கணினி மொழியைச் சொல்லித் தருகிறேன். போன வாரம் ஒரு மாணவி பஸ் கட்டணத்துக்குப் புரோகிராம் எழுதினாள். மாட்டுத்தாவணியில் ஏறி திருநெல்வேலியில் இறங்க வேண்டும். ஏறும் இடத்துக்கு அவள் வைத்த பெயர் ஃப்ரம். ஓட்டியதும் சின்டாக்ஸ் எரர், அதாவது இலக்கணப் பிழை. அம்புக்குறி சமக்குறிக்குக் கீழே நின்றதால், அரை மணி நேரம் சமக்குறியையே அழித்து அழித்து எழுதியிருக்கிறாள், பாவம். தப்பு அதற்கு முந்தைய சொல்லில் இருந்தது.

ஃப்ரம் என்பது பைத்தான் தனக்கென்று எடுத்துவைத்துக்கொண்ட சொல், அதாவது கீவேர்ட். இப்படி 35 சொற்கள் உண்டு. மார்க் புரோகிராம் எழுதுகிறவர்கள் கிளாஸ், பாஸ் இரண்டிலும் மாட்டிக்கொள்வார்கள். பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். பைத்தானில் ஹெல்ப் ஃபங்ஷனுக்குள் கீவேர்ட்ஸ் என்று மேற்கோள் குறி போட்டுக் கொடுத்தால் அதுவே காட்டிவிடும். கிளாஸ்தான் வேண்டும் என்றால் கடைசியில் ஓர் அண்டர்ஸ்கோர் சேருங்கள். எனக்குப் பிடித்த வழி வகுப்பு, கட்டணம் என்று தமிழிலேயே பெயர் வைப்பது. பைத்தான் 3 அதைத் தாராளமாக ஏற்றுக்கொள்கிறது.

சரி, இந்த எரராவது உடனே கத்திவிடும். நான் அதிகம் பயப்படுவது சம், லிஸ்ட், மேக்ஸ் போன்ற பெயர்களுக்குத்தான். இவை கீவேர்ட் இல்லை, பைத்தானோடு வரும் ஃபங்ஷன்கள். அதனால் யாரும் தடுக்க மாட்டார்கள். நாலு நாள் மல்லிகைப்பூ விலையைச் சம் ஃபங்ஷனால் கூட்டி, வந்த விடையைச் சம் என்ற பெயரிலேயே வைத்தான் ஒரு பையன். விடை சரியாகவே வந்தது. அப்புறம் பிச்சிப்பூ விலையைக் கூட்டப் போனால், ‘இன்ட்’டை, அதாவது முழு எண்ணை, ஃபங்ஷன் போல அழைக்க முடியாது என்று எரர். சம் இப்போது வெறும் எண்ணாகிவிட்டதே! எரர் காட்டுவதோ ஒரு குற்றமும் இல்லாத வரியை. புரோகிராமைத் துண்டு துண்டாக ஓட்டிப் பார்க்கும் ஜூப்பிட்டர் நோட்புக்கில் அந்தப் பெயரைத் திருத்தினாலும் பழைய எண் நினைவில் தங்கியிருக்கும். டெல் போட்டு அதை நீக்குங்கள், இல்லையென்றால் கெர்னலை, அதாவது பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் பைத்தானை, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கீவேர்ட் பட்டியல் மாறவும் செய்யும். 2018இல் வந்த 3.7 பதிப்பில்தான் அசிங்க், அவெய்ட் இரண்டும் கீவேர்ட் ஆயின. அதற்கு முன் அசிங்க் என்று பெயர் வைத்து ஓடிய புரோகிராம்கள் அதோடு நின்றுபோயின.

ஃபைல் பெயரிலும் இதே கவனம் வேண்டும். பைத்தானோடு தயாராக வரும் ரேண்டம் மாட்யூலை (புரோகிராம் ஃபைலை) பழகும்போது உங்கள் ஃபைலுக்கும் ரேண்டம் என்றே பெயர் வைத்தால், பைத்தான் தன்னுடைய மாட்யூலை விட்டுவிட்டு உங்கள் ஃபைலையே இம்போர்ட் செய்யும்.